மூச்சுக்கு அசையும் துணி: ஏற்காட்டில் முதல் கலை நிறுவலைச் செய்வது எப்படி

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் ஒரு பழைய காப்பிக் கிடங்கு. உள்ளே உத்தரத்திலிருந்து மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று தலைக்கு மேல் விரிந்து தொங்குகிறது. துணியின் அடிப்பக்கம் முழுக்க உலர்ந்த சில்வர் ஓக் இலைகள். கீழே ஒரு கோரைப்பாய், ஒரு தலையணை. பாயில் உட்கார்ந்து தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறீர்கள். மூச்சை இழுக்கும்போது துணியின் நடுப்பகுதி முக்கால் சாண் உயரம் எழும்புகிறது. விடும்போது இறங்குகிறது. நீங்கள் எழுந்து போய்விட்டால் அசையாமல் நின்றுவிடுகிறது.

இந்தக் கலை நிறுவலை, அதாவது பார்ப்பவர் உள்ளே வந்து உட்காரும் கலைப் படைப்பை, செய்வது எப்படி என்று முதன்முறையாக முயல்பவர்களுக்காக எழுதுகிறேன். நுண்கலைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை, பொறியியல் பட்டமும் தேவையில்லை. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிவிடலாம். துணி, மோட்டார், சென்சார் எல்லாம் சேர்ந்து எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. பணத்தைவிட அதிகமாகக் கேட்பது பொறுமையைத்தான்.

ஊதுவது வேறு, மூச்சு வேறு

நான் முதலில் செய்தது இது அல்ல. சேலத்தில் ஒரு கல்லூரி விழாவுக்காகக் காகிதப் பூக்கள் வைத்த பலகை ஒன்றைச் செய்தேன். நடுவில் ஒரு மைக். அதில் ஊதினால் பின்னாலிருக்கும் மின்விசிறி ஓடிப் பூக்கள் ஆடும். "இங்கே ஊதுங்கள்" என்று எழுதியும் வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பது போல ஊதினார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி விடாமல் ஊதிக்கொண்டே இருந்து, தலை சுற்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொடர்ந்து ஊதினால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்த நாளங்கள் சுருங்கும். அதனால்தான் தலைசுற்றல். இது எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. போதாக்குறைக்கு, மின்விசிறியின் காற்றே மைக்கில் பட்டு, யாரும் இல்லாதபோதும் பூக்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

மூச்சைப் பற்றிய படைப்பு என்று சொல்லிக்கொண்டு ஊதலைப் பற்றிய படைப்பைச் செய்திருக்கிறேன் என்பது அன்று இரவு பலகையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வெள்ளிப் பட்டறையில் பிறகு நேரில் பார்த்தேன். கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கும் ஒரு பெரியவர், கேஸ் டார்ச் வந்த பிறகும் நுணுக்கமான வேலைக்கு வளைந்த ஊதுகுழலைத்தான் எடுத்தார். கன்னம் இரண்டும் உப்பியபடியே இருந்தன. கன்னத்துக் காற்று குழல் வழியாகப் போய்க்கொண்டிருக்க, மூக்கு தன்பாட்டுக்கு மூச்சை வாங்கிக்கொண்டிருந்தது. சுடரின் நீல நுனி ஊசி போல நேராக நின்றது, ஒருமுறைகூட நடுங்கவில்லை. ஊதுவது வாயின் வேலை, மனிதர் வேண்டுமென்று செய்வது. மூச்சு அதன் கீழே யாரும் கேட்காமல் நடந்துகொண்டிருக்கிறது. நம் படைப்பு பிடிக்க வேண்டியது அந்த இரண்டாவதை.

உலகக் கலைஞர்களின் படைப்புகளிலும் இந்த இரண்டு வழிகளையும் பார்க்கலாம். பிரான்சின் எட்மோன் கூஷோவும் மிஷேல் பிரேயும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் இறகைத் திரையில் வைத்தார்கள். பார்ப்பவர் ஊதினால் இறகு எழும்பி மிதந்து இறங்கும். அது ஊதலுக்கான படைப்பு, ஊதலுக்கு மிகப் பொருத்தமானதும்கூட. கனடாவின் ஷார் டேவிஸ் 1995-இல் செய்த 'ஆஸ்மோஸ்' வேறு வகை. பார்வையாளர் சென்சார் வைத்த ஓர் உடுப்பை மார்பில் அணிந்து, தலையில் திரைக்கவசம் மாட்டிக்கொள்வார். மூச்சை இழுத்தால் அந்த மெய்நிகர் காட்டில் மேலே மிதப்பார், விட்டால் கீழே அமிழ்வார். டேவிஸ் ஆழ்கடலில் மூழ்கிப் பழகியவர். தண்ணீருக்குள் நுரையீரல் காற்றைக் கொண்டே ஏறி இறங்கும் அனுபவத்திலிருந்து அந்த யோசனை வந்தது. நாம் செய்யப் போவது டேவிஸ் போன வழியில், பாயும் தலையணையுமாக.

எந்திரத்தைத் தொடும் முன்

ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களின் மூச்சைப் பாருங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் அப்பா, தொட்டிலில் குழந்தை, டிவி பார்க்கும் பாட்டி. சும்மா இருக்கும் பெரியவர் ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். குழந்தைகளுக்கு இன்னும் வேகம். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போய் வருவது சுமார் அரை லிட்டர் காற்று. இந்த எண்களை எங்கேயும் படித்துவிடலாம். நோட்டில் எழுத வேண்டியது வேறு: இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளம். விட்டு முடித்ததும், அடுத்ததை இழுப்பதற்கு முன், ஒரு சின்ன நிறுத்தம். சிலருக்கு அது கண்ணுக்குத் தெரியாது, சிலருக்கு ஒரு முழு நொடி. நடுவில் காரணமே இல்லாமல் ஒரு பெருமூச்சு. இருமல், சிரிப்பு, பேச்சு வந்தால் தாளம் கலைந்து மறுபடி சேர்வது.

அந்த நிறுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிரல் எழுதும்போது, துணி இடைவிடாமல் அசைந்தால்தான் அழகு என்று தோன்றி அந்த இடத்தை நிரப்பிவிடத் தூண்டும். நிரப்பினால் அது யாருடைய மூச்சும் இல்லை.

இடம்

திறந்த வெளி வேண்டாம். மரத்தடியில், ஏரிக்கரையில் என்று மனம் போகும். ஆனால் மலைக்காற்று மூச்சைவிடப் பலமானது, துணி காற்றுக்குத்தான் ஆடும். மூன்று பக்கம் சுவரும் ஓட்டுக்கூரையும் உள்ள கிடங்கு, பழைய பள்ளிக் கட்டடம், ஆழமான திண்ணை எதுவானாலும் சரி. கூரையில் எடை தாங்கும் உத்தரம் இருக்க வேண்டும். தனியார் தோட்டமானால் உரிமையாளரிடம், அரசு இடமானால் அந்தந்தத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஒரு கயிறுகூடக் கட்டக் கூடாது. எங்கே செய்தாலும் மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

காலம் என்று பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி நல்லது. வெயில் உண்டு, மழை குறைவு, குளிரும் தாங்கும். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது கூட்டம் நிறைய வரும். ஆனால் வரிசையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, உட்கார்ந்தவரின் மூச்சு இயல்பாக இருக்காது. நான் கூட்டமில்லாத மாதத்தையே தேர்ந்தெடுப்பேன். தோட்டப் பக்கம் மாலையில் காட்டெருமை இறங்கும், அதனால் ஆறு மணிக்கு முன்னால் எல்லோரும் கிளம்பிவிடும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் கரண்ட் போகும். ஒரு 12 வோல்ட் பேட்டரியும் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் மாற்றியும் கையில் இருக்கட்டும்.

சென்சார்: நான்கை விட்டு ஐந்தாவதற்கு வந்த கதை

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மைக்கை ஏற்கெனவே பார்த்தோம். அமைதியான மூச்சு அதற்குக் கேட்காது. ஓட்டில் விழும் தூறல் நன்றாகக் கேட்கும்.

அடுத்தது ஈரப்பத சென்சார். நாம் விடும் மூச்சில் ஈரம் நிறைய இருப்பதால் அதை அளக்கலாம் என்று பலர் டி.எச்.டி. 22 வாங்குவார்கள். அது இரண்டு நொடிக்கு ஒரு முறைதான் புதிய அளவைத் தரும். ஒரு முழு மூச்சே மூன்று முதல் ஐந்து நொடிதான், மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அலையில் பாதி காணாமல் போய்விடும். அது மட்டுமல்ல, ஏற்காட்டில் மூட்டம் இறங்கிய நாளில் காற்றின் ஈரப்பதமே 100-ஐ நெருங்கியிருக்கும். அதற்கு மேல் நம் மூச்சு எதைக் கூட்டும்?

மூன்றாவது தெர்மிஸ்டர். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி, சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும், விலை பத்துப் பதினைந்து ரூபாய்தான். மூக்கின் கீழே வைத்தால் விடும் மூச்சின் சூட்டை உடனே காட்டும். வெளிவரும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி. ஜனவரிக் காலையில் மலையில் 15 டிகிரி இருக்கும்போது அலை அருமையாக வரும். அதே கருவியை ஏப்ரல் மதியம் சேலத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே 38 டிகிரி, இழுக்கும் காற்று விடும் காற்றைவிடச் சூடு, அலை தலைகீழாகிவிடும். காலை பத்து, பதினொன்று மணிக்கு வெப்பம் 34-ஐத் தொடும் நேரத்தில் அலையே இருக்காது, உயிருள்ள ஆள் உட்கார்ந்திருக்கும்போதே கோடு நேராகப் போகும். மலையில் மட்டும் வைப்பதானால் இது நடக்கும். ஆனாலும் மூக்கின் கீழே கம்பியை மாட்டிக்கொள் என்றால் மருத்துவமனை ஞாபகம்தான் வரும், எனக்கு அது பிடிக்கவில்லை.

நான்காவது, இழுத்தால் மின்தடை மாறும் ரப்பர் கயிறு. அதை ஒரு பட்டையாக மார்பில் கட்டலாம். காவலர் தேர்வில் மார்பு 5 சென்டிமீட்டர் விரிகிறதா என்று அளப்பார்களே, அது முழு மூச்சு. சும்மா உட்கார்ந்திருப்பவரின் மார்பு அதில் ஒரு சிறு பங்குதான் விரியும். அதையும் இந்தக் கயிறு பிடித்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: பட்டையை யார் கட்டிவிடுவது? சேலை கட்டி வந்த ஓர் அம்மாவிடம் "கொஞ்சம் கையைத் தூக்குங்கள், பட்டையைக் கட்டுகிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நொடியில் அவருடைய மூச்சு மாறிவிடும், அது நியாயமும்கூட.

அப்பாவை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தபோதுதான் ஐந்தாவது வழி கண்ணில் பட்டது. பி.பி. பார்க்கும் பட்டையில் காற்றை இறக்கும்போது முள் இதயத்துடிப்புக்கு ஏற்பத் துடித்து இறங்கியது. காற்று அடைத்த ஒரு ரப்பர் பை அவ்வளவு நுட்பமாக உடம்பைக் கேட்கிறது என்றால், அதை வயிற்றோடு வைத்துக்கொண்டால் மூச்சும் கேட்கும். அதைத் தலையணைக்குள் வைத்துவிட்டால் யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. அணைத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த காரியம்.

தலையணையைச் செய்வது

மருந்துக் கடையில், கையால் அமுக்கிக் காற்றடிக்கும் பி.பி. கருவியின் பட்டையைப் பம்போடு சேர்த்துத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். உறையைப் பிரித்தால் உள்ளே இரண்டு குழாய்கள் உள்ள ரப்பர் பை இருக்கும். ஒரு குழாயில் காற்றடிக்கும் பம்பும் அதன் திருகு வால்வும் அப்படியே இருக்கட்டும். மற்றக் குழாயின் நுனியில் ஒரு சிறிய, திருகு மூடி உள்ள மாத்திரை டப்பாவைப் பொருத்தப் போகிறோம். டப்பாவுக்குள் பி.எம்.பி. 280 என்ற காற்றழுத்த சென்சார். இந்தப் போர்டுகளில் 3.3 வோல்ட் மட்டும் தாங்குவதும் உண்டு, 5 வோல்ட் தாங்குவதும் உண்டு. அர்டுயினோ ஊனோவோடு (சென்சாரைப் படித்து மோட்டாரை ஓட்ட நாம் நிரல் எழுதி ஏற்றும் சிறு மின்னணுப் பலகை) சேர்ப்பதானால் 5 வோல்ட் தாங்குவதைக் கேட்டு வாங்குங்கள்.

டப்பாவில் குழாய்க்கு ஒரு துளை, நான்கு ஒயர்களுக்கு ஒரு துளை. எபாக்சிப் பசையால் இரண்டையும் நன்றாக அடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலப் பாருங்கள்: சென்சார் இருக்கும் டப்பாவைத் தண்ணீரில் முக்காமல், பசை வைத்த இடங்களில் சோப்பு நுரையைத் தடவிக் காற்றடித்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். முதல் தடவையிலேயே கசிவு இல்லாமல் செய்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மறுபடி அடையுங்கள்.

ரப்பர் பையை இலவம்பஞ்சுக்கு நடுவில் வைத்துத் தலையணையைத் தையுங்கள். உறை கழற்றித் துவைக்கும்படி இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து உறை தைத்து வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்றுங்கள்.

அப்புறம், காற்றை மேலே போய் அடியுங்கள். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிக்கும்போது வெடிக்கிற மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் காற்றழுத்தம் 130 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக் குறைகிறது. கீழேயே காற்றடித்து மூடிக் கொண்டுபோனால் பை உப்பி, நீங்கள் பசை வைத்த இடம் விட்டுக்கொடுக்கும். மேலே போய் வால்வை ஒருமுறை திறந்து மூடி, பம்பை இரண்டு மூன்று அமுக்கு அமுக்கினால் போதும். பை தளர்வாகவே இருக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் மூச்சின் அசைவு அதில் தெரியாது.

அலையிலிருந்து மூச்சைப் பிரிப்பது

ஒயரைப் பொருத்தி சென்சார் பேசவில்லை என்றால் பெரும்பாலும் முகவரிப் பிரச்சினைதான். இந்தப் போர்டுகள் 76 அல்லது 77 என்ற முகவரியில் (ஹெக்சாடெசிமல் எண், நிரலில் 0x76, 0x77 என்று எழுதுவது) இருக்கும். நிரலில் ஒன்றை மாற்றி மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

நொடிக்கு 20 முறை அழுத்தத்தைப் படியுங்கள். வரும் எண்கள் நடுங்கும். அதற்கு எளிய வைத்தியம்: பழைய சராசரியில் பத்தில் ஒன்பது பங்கையும் புதிய அளவில் பத்தில் ஒரு பங்கையும் கூட்டிப் புதிய சராசரி ஆக்குங்கள். நடுக்கம் அடங்கி அலை தெரியும். இன்னொரு சராசரியும் வேண்டும், மிக மெதுவானது: இதில் புதிய அளவின் பங்கு ஐநூறில் ஒன்று. வானிலை மாறுவது, ஆள் கொஞ்சம் சாய்ந்து உட்காருவது, பை சூடாவது எல்லாம் இந்த மெதுவான சராசரியில் சேர்ந்துவிடும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மூச்சு.

அதை உடனே மோட்டாருக்கு அனுப்பாதீர்கள். முதலில் கணினித் திரையில் கோடாக வரைந்து அரை மணி நேரம் பாருங்கள். தலையணையை அணைத்தபடி பேசுங்கள், சிரியுங்கள், சும்மா இருங்கள். நோட்டில் எழுதிய நிறுத்தம் கோட்டில் தெரிகிறதா? தெரிந்தால் தலையணை சரியாக வேலை செய்கிறது.

நிரலில் இன்னும் இரண்டு முடிவுகளை நீங்கள் எடுக்க வேண்டும், இரண்டும் கலை சம்பந்தப்பட்டவை. ஒருவர் ஆழமாக மூச்சு விடுவார், இன்னொருவர் மேலோட்டமாக. கடந்த இருபது நொடியின் உச்சத்தையும் தாழ்வையும் பார்த்து எல்லோருக்கும் ஒரே உயரம் வரும்படி சமன் செய்ய முடியும். முழுக்கச் சமன் செய்யாதீர்கள். மெல்ல மூச்சு விடுபவருக்குத் துணி மெல்லத்தான் எழ வேண்டும். ஆனால் அசைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் தூக்கிவிடலாம். இரண்டாவது, யாரும் இல்லாத நேரம். பத்து நொடிக்கு அலையே இல்லை என்றால் துணி மெதுவாகக் கீழே வந்து நின்றுவிட வேண்டும். வெறுமனே நிற்கிறதே என்று அதற்கு ஒரு பொய் மூச்சு வைக்கத் தோன்றும். வைத்தால், அடுத்து வந்து உட்காருபவர் அது தன்னுடைய மூச்சா, எந்திரத்தின் மூச்சா என்று கடைசிவரை சந்தேகப்படுவார்.

துணி, இலை, நூல்

துணி இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம், மெல்லிய மல் பருத்தி. அம்மாப்பேட்டை, இளம்பிள்ளை பக்கம் நெசவாளர்களிடமே கேட்டால் எடை குறைந்ததாக எடுத்துக் கொடுப்பார்கள். போன சாக்கில் கைத்தறி ஓடுவதை ஒரு பத்து நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள். மிதிக்கட்டையை மிதித்தால் கயிறு கப்பி வழியாகப் போய்ப் பாவு நூல்களைப் பிடித்திருக்கும் விழுதைத் தூக்கும், கால் எடுத்தால் இறங்கும். இவ்வளவு பெரிய தறியை ஒரு கால் அசைக்க முடிவது, ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கி எடையைச் சமன் செய்வதால்தான். நம் துணியும் அதே கணக்குத்தான்.

இலைகளைப் பறிக்க வேண்டாம். சில்வர் ஓக் அடியில் எப்போதும் உதிர்ந்து கிடக்கும்; தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பெரணி போல வெட்டு வெட்டான இலை, மேல்பக்கம் பழுப்பேறியிருந்தாலும் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு மாதிரி மின்னும். காப்பிச் செடிக்கு நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் இது. காப்பியே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்ததுதான். இந்த மலையின் இயற்கை என்று நாம் காட்டப் போவதில் மனிதர் கை எவ்வளவு இருக்கிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு இலையைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படியே உலர்த்தினால் இலை நொறுங்கும். ஒரு பங்கு கிளிசரினை இரண்டு பங்கு வெந்நீரில் கலந்து, நொறுங்கும் அளவுக்குக் காயாத இலைகளை அதில் சில நாள் ஊறவைத்து, துடைத்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து ஒரு வாரம் அழுத்துங்கள். வளையும், உடையாது. அறுபது இலை போதும். ஒவ்வொன்றையும் காம்புப் பக்கம் மட்டும் ஒரு தையல் போட்டுத் துணியின் அடியில் தொங்கவிடுங்கள், வெள்ளிப் பக்கம் உள்ளே மறைந்திருக்கும்படி. துணி எழும்போது இலைகள் துணியிலிருந்து விலகித் தொங்கி அடிப்பக்கத்தைக் காட்டும். இறங்கும்போது மறுபடி மூடிக்கொள்ளும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சை இழுக்கும்போதெல்லாம் தலைக்கு மேல் வெள்ளி விரியும்.

துணியின் நான்கு முனைகளையும் கயிற்றால் நான்கு பக்கம் தளர்வாகக் கட்டுங்கள். நடுவில் ஒரு சிறு மர வளையம் தைத்து, அதிலிருந்து தூண்டில் நரம்பை மேலே உத்தரத்தில் உள்ள கப்பிக்கும், அங்கிருந்து சுவரோரம் இன்னொரு கப்பிக்கும், கடைசியில் மோட்டாருக்கும் கொண்டுபோங்கள். மோட்டார் பக்கத்தில் நரம்போடு ஒரு சின்ன பாட்டில் கட்டி அதில் மணல் போட்டுக்கொண்டே வாருங்கள். விரலால் தொட்டாலே துணி ஏறி இறங்கும் நிலை வந்ததும் நிறுத்துங்கள். எம்.ஜி. 996 வகை சர்வோ மோட்டார் (நிரல் சொல்லும் கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) போதும். அதற்குப் பத்து சென்டிமீட்டர் நீளக் கை பொருத்தினால் துணியின் நடுப்பகுதி பதினைந்து சென்டிமீட்டர் வரை ஏறும். சர்வோவுக்கான மின்சாரத்தை அர்டுயினோவிலிருந்து எடுக்கக் கூடாது. தனியாக 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வையுங்கள், இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். இது தவறினால் மோட்டார் வலிப்பு வந்தது போல உதறும்.

சர்வோ இரையும். அந்த "கிர்ர்" சத்தம் கேட்ட நொடியில் பார்வையாளர் மேலே பார்ப்பதை விட்டு மோட்டாரைத் தேடுவார். மோட்டாரைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்து, நரம்பு மட்டும் ஒரு துளை வழியாக உள்ளே வரட்டும். முடியாவிட்டால் பஞ்சு வைத்த மரப்பெட்டிக்குள் வையுங்கள்.

மூச்சுக்கும் துணிக்கும் நடுவில் அரை நொடிக்கு மேல் தாமதம் வரக் கூடாது. அதைத் தாண்டினால் "இது என்னுடையது" என்ற உணர்வு அறுந்துவிடுவதை முகத்திலேயே பார்க்கலாம்.

மூட்டம் இறங்கும் நாளில் பருத்தி ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை பாட்டிலில் ஒரு பிடி மணலைக் கூட்டுவது. வெயில் ஏறியதும் எடுத்துவிடுவது. சர்க்யூட்டை மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஆட்கள் வரும்போது

முதலில் அழைக்க வேண்டியது நண்பர்களை அல்ல, அந்த இடத்திலேயே வேலை செய்பவர்களை. ஒரு நேரத்தில் ஒருவர். மேடேறி நடந்து வந்தவர் என்றால் ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். "தலையணையை அணைத்துக்கொண்டு உட்காருங்கள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதீர்கள். மூச்சை நன்றாக இழுங்கள், அடக்குங்கள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வருவார்கள், கர்ப்பிணிகள் வருவார்கள். தலையணையை வயிற்றில் வைக்க விருப்பமில்லாதவர் மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கட்டும்.

நான் நாகலூர் பக்கம் வைத்தபோது இரண்டாம் நாள் காலை, காப்பி பறிக்கும் ஓர் அம்மா வந்தார். வயது அறுபதுக்கு மேல். கொங்காணியைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முதலில் மேலே பார்க்கவே இல்லை, தலையணையைத்தான் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் இருமல் வந்தது, நெஞ்சுச் சளியோடு நீண்ட இருமல். மேலே துணி உதறியது, அறுபது இலையும் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தன. அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் நிமிர்ந்தார். இருமல் அடங்கியது, துணியும் அடங்கியது. ஒரு கையைத் தூக்கி, குழந்தையைத் தட்டுவது போல, துணியைப் பார்த்து இரண்டு முறை காற்றில் தட்டினார். வெளியே வரும்போது என்னிடம், "அதுக்கும் இளைக்குது கண்ணு" என்றார்.

அன்று மாலையே நிரலில் இருமலை வடிகட்டும் வரியை எடுத்துவிட நினைத்துத் திறந்து பார்த்தேன். நல்லவேளையாக அந்த வரியை நான் எழுதி முடித்திருக்கவில்லை. நீங்களும் எழுதாதீர்கள். பெருமூச்சு, இருமல், விக்கல் எல்லாம் துணிக்குப் போய்ச் சேரட்டும்.

ஒவ்வொருவர் போன பிறகும் உறையை மாற்றி, நேரத்தையும் அவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையும் நோட்டில் குறியுங்கள். பெயர் வேண்டாம். அவர்களுடைய மூச்சு அலையையும் கணினியில் சேமிக்காதீர்கள். அது அவர்கள் உடம்பின் தகவல்.

கழற்றும்போது மணல் பாட்டிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடு வளையத்து நரம்பை முதலில் அவிழுங்கள், பிறகு நான்கு முனைகளை. மாற்றிச் செய்தால் துணி ஒரு பக்கமாகச் சரிந்து இலைகள் முறியும். முறிந்த இலைகளின் தையலைப் பிரித்து, பொறுக்கிய தோட்டத்திலேயே காப்பிச் செடிகளின் அடியில் போட்டுவிடலாம். தலையணையின் வால்வைத் திறந்து பையைக் கையால் அமுக்கிக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். துணியை வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, இலை உள்பக்கம் வரும்படி சுருட்டி, மலையிறங்கும் வண்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.